பரவாயில்லைங்க என்று சொல்லாதவர்

"நோயாளி அமைதியான சுபாவம் கொண்டவர், பரிசோதனை முழுவதும் ஒத்துழைத்தார்." ராமாமணியைப் பற்றிக் கோவை மருத்துவமனை ஒன்றின் அறிக்கை சொல்வது இது. கோபிசெட்டிபாளையம் வாழைத்தார் ஏலத்தில் அவர் குரலைக் கேட்ட எவரும், வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

அவருடைய தங்கை குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். இப்போது இவருக்கும் மலத்தில் இரத்தம். உள்ளூரில் கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். அது உள்ளே வளையமாகச் சுருண்டுகொண்டது. வலி தாளாமல் பாதியிலேயே எடுக்கவேண்டியதாயிற்று. மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ராமாமணிக்குத் தூக்கம் போயிற்று.

ஆயிரம் அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் செய்யும் கோவைக்கு, ஐந்தடிப் பெருங்குடல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் உதிரிபாகம் செய்துவந்த நிறுவனம் ஒன்றின் பொறியாளர் கிருபாசங்கர், குழாய் சுருளாதபடி நிமிர்த்திப் பிடிக்க ஒரு மேலுறை செய்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களில் ராமாமணியும் ஒருவர். முழு மயக்கம் கிடையாது. இதுவரை வந்த எவருக்கும் வலியில்லை என்றது கிருபாசங்கர் கையிலிருந்த டேப்லெட் கணினி.

"வலிக்குதுங்களாம்மா?" என்று டாக்டர் நந்திதா கேட்டார்.

"வலிக்குதுங்க."

அறைக்கு இந்தப் பதில் புதிது.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க யாருமே அப்படிச் சொல்லலைங்களே" என்றார் கிருபாசங்கர்.

"பரவாயில்லைங்கன்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமாங்க."

"அவீங்கெல்லாம் மரியாதை தெரிஞ்சவீங்க. எனக்கு வலிக்குதுங்க. எடது பக்கம், அடிவயித்துல. கிள்ளிப் புடிக்குது."

"அப்ப எடுத்துரலாங்களா?" என்றார் நந்திதா.

ராமாமணிக்குப் பயம் வந்தது அப்போதுதான். எடுத்துவிட்டால் மீதிப் பாதி மறுபடியும் இருட்டு. பல்லைக் கடித்து ஒரு பரவாயில்லைங்க போட்டால் வேலை முடிந்துவிடும். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்கவும் வேண்டாங்க, தள்ளவும் வேண்டாங்க. ஏனுங்க தம்பி, மொதல்ல வலிக்குதுன்னு அதுல எழுதுங்க."

"முடிஞ்சதும் எழுதிக்கறனுங்க."

"முடிஞ்சா நானே பரவாயில்லைங்கன்னு சொல்லிப்போடுவேன். இப்பவே எழுதுங்க கண்ணு."

இத்தனை 'ங்க' போட்டு ஒருவரை மிரட்ட முடியும் என்பது கொங்கு நாட்டுக்கு வெளியே யாரும் நம்பாத செய்தி.

கிருபாசங்கர் எழுதினார். நந்திதா மேலுறையை மட்டும் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். கிள்ளல் விட்டது. குழாய் நகர்ந்து கடைசிவரை போனது. அங்கே சுண்டைக்காய் அளவில் ஒரு சதை வளர்ச்சி. அப்போதே எடுத்தார்கள். புற்றாக மாறக்கூடிய வகை, இன்னும் மாறியிருக்கவில்லை.

பிறகு கிருபாசங்கர் முன்பு வந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். வலித்ததா என்று கேட்கவில்லை. எங்கே வலித்தது என்று கேட்டார்.

"எடது பக்கந்தானுங்க" என்றார் மதுக்கரைக்காரர் ஒருவர். "பாடுபட்டுச் செஞ்சிருக்கீங்க, மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?"

உறைக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த இடைவெளியில் குடலின் உட்சதை மாட்டியிருக்கிறது. இப்போது செய்யும் உறையின் நுனி மெத்தென்று, குழாயை ஒட்டியபடி இருக்கிறது.

'ஒத்துழைத்தார்' என்ற அந்த அறிக்கையை யாரும் திருத்தவில்லை. ராமாமணி வலிக்கிறது என்று சொன்னார். அதை எழுதும்வரை குழாயை ஒரு அங்குலம்கூட நகர்த்த விடவில்லை.