லேப் அக்கா வாங்கிய பேஸ் கிட்டார்

கடைக்காரர் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் கிடத்தியதும் லேப் அக்கா அதைத் தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து அதன் கழுத்தையே பார்த்தார்.

"வீட்டுல பையனுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு. பையன் கிடையாது. இருந்திருந்தாலும் இதை அவனைத் தொட விட்டிருக்க மாட்டேன்."

பக்கத்தில் நின்ற அவர் தம்பி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். கடைக்காரர் சுருதி கூட்டும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் உதவியாளராக இருந்தவர் அக்கா. சுரத்தை அளக்கும் சுரமானியின் கம்பியை இழுத்துக் கட்டி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, சோதனை பிசகாமல் வரும்படி அமைத்து வைப்பது அவர். கைத்தட்டல் வாங்குவது பேராசிரியர். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர்தான் லேப் அக்கா. கூடப்பிறந்த தம்பியே நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அதே காலத்தில், சனிக்கிழமை மாலைகளில், தம்பியும் ஒரு பாடகரும் நடத்திய நடன இசைக்குழுவில் அக்கா பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கனத்த சுரம், வாசித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இடது மணிக்கட்டு வலி கண்டு விலகினார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். பெரியம்மா கண் பட்டுவிட்டது என்றார். "எல்லாக் கண்ணும் பாடகர் மேலதானே இருந்துச்சு, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அக்கா கேட்டார். பொம்பளை மேடையேறினால் இப்படித்தான் என்றார் ஒரு மாமா. அவரோடு அக்கா பேச்சை நிறுத்தியது அன்றைக்கு. டாக்டர் சொன்ன காரணத்தை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை: மணிக்கட்டை வளைத்து வளைத்தே வாசித்ததில் நரம்பு நசுங்கியிருக்கிறது.

அக்கா விட்டுப்போன இடத்தைக் கீபோர்டுக்காரர் தன் இடது கையாலேயே பேஸ் வாசித்துச் சமாளித்தார். இப்போது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். தம்பி வந்து நின்றார். "ஞாயித்துக்கிழமை ஒத்திகை. வந்துடு." கை ஒத்துழைத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடை.

மேசைமேல் கிடந்தது மல்டிஸ்கேல் பேஸ். சாதாரண பேஸில் எல்லாக் கம்பிக்கும் ஒரே நீளம். தடித்த கம்பிக்கு அந்த நீளம் போதாமல் அது துணிக்கொடிபோல் தொய்ந்து கிடக்கும். இதில் தடித்த கம்பி முப்பத்தேழு அங்குலம், மெல்லிய கம்பி முப்பத்து நாலு. அதனால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் விசிறி மடிப்புபோல் சாய்ந்து விரிந்திருக்கும். விரல்களும் அப்படித்தான் விரியும். மணிக்கட்டு ஒடிந்து வளைய வேண்டியதில்லை. கைக்கு ஏற்றபடி கருவியைச் செய்ய முடியும் என்றால், கருவிக்கு ஏற்றபடி கையைக் கெடுத்துக்கொள் என்று இத்தனை நாள் சொன்னது எந்த ஊர் நியாயம் என்று அக்கா மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

மடியில் வைத்து வாசித்தார். முதல் சுரமே கொர்ரென்று இரைந்தது. இரண்டாவது செத்துப் பிறந்தது. விரலை நகர்த்தினார், மறுபடி கொர். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஃப்ரெட் கோணலா இருக்குங்க."

"கோணலாத்தாங்க இருக்கும்," என்றார் கடைக்காரர், பாவமாக.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்துப் பழக்கம். அளவைப் படிக்கும்போது கண் நேர் மேலே இருக்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் பிழை வரும் என்று ஆயிரம் மாணவர்களுக்குச் சொன்னவர், கழுத்துக்கு நேர் மேலே தலையைக் கொண்டுபோய், சாய்ந்த ஃப்ரெட்டுகள்மேல் விரலை நேர்கோட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரீடிங் எடுக்காத. நிமிந்து உக்காரு."

"பாக்காம எப்படிடா வாசிக்கிறது?"

"நீ என்னைக்குப் பாத்து வாசிச்ச? மேடையில உன் பக்கம் வெளிச்சமே வராதே."

அது உண்மை. டிரம்ஸுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையர் ஓரம், திரைச்சீலை மூக்கில் உரசும் இடம் அக்காவுடையது. ஆனால் அங்கே நின்றால்தான் மரத்தரை வழியாகத் தன் சுரம் உள்ளங்காலுக்குத் திரும்பி வருவது தெரியும். எதிரே நூறு கால்கள் அந்த அதிர்வில் ஏறி இறங்கும். எதனால் ஆடுகிறோம் என்று அந்தக் கால்களின் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. அது என்ன சந்தோஷம்! புதுக் கம்பி கிடைக்காத நாட்களில் பழசைச் சுருட்டி வெந்நீரில் கொதிக்க வைப்பார்; அழுக்கு இறங்கிச் சத்தம் திரும்பும். ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்த அம்மா, "இது வெந்ததும் சொல்லு, உப்புப் போடறேன்" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். கடைக் கண்ணாடிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் குடை மடக்கும் ஒருவரைப் பார்த்தபடி வாசித்தார். விரல்கள் தாமாகச் சாய்ந்து விழுந்தன. தடித்த கம்பி உறுமியது. தொய்ந்த துணிக்கொடி அல்ல, இழுத்துக் கட்டிய கயிறு. பழைய பேஸில் மூன்றாவது நிமிடத்திலேயே வலி வந்துவிடும். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் போயிற்று. நிறுத்தி, கையை உதறி, மறுபடி தொடங்கினார். பிறகு மூன்றாம் முறை.

"போதும்கா, நல்லாத்தான் இருக்கு."

"ஒரு ரீடிங்கை நம்பக் கூடாது. மூணு எடுக்கணும்." மூன்றாவதும் முடிந்தது. வலி இல்லை. அக்கா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உறையில போடுங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை..." என்றார் தம்பி.

"இரு. போஸ்டர்ல என்ன போடுவீங்க? முன்னாடியெல்லாம் பாடகர் பேரு, உன் பேரு, டிரம்ஸ்காரர், கீபோர்டுக்காரர் பேரு, அப்புறம் 'மற்றும் குழுவினர்'. அந்தக் குழுவினர் நான் ஒருத்தி. இனிமே அது நடக்காது."

தம்பி அங்கேயே பாடகருக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அக்கா வரட்டும், தாராளமா வரட்டும். பேரெல்லாம் எதுக்குப்பா? பேஸ் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அவங்க போனப்போ ஒருத்தர்கூடக் கேக்கலையே."

அக்கா உறையின் ஜிப்பை இழுத்து மூடினார். இந்த வார்த்தையைத்தான் பன்னிரண்டு வருடமாக அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டாங்க," என்றார் தம்பி போனில். "வாயால கேக்கல. மூணே மாசத்துல ஆடறவங்க குறைஞ்சு போனாங்க. எல்லாரும் நாற்காலியில உக்காந்து கேக்க ஆரம்பிச்சாங்க. உன் பாட்டுல மயங்கி உக்காந்துட்டாங்கன்னு நீ நெனச்சுக்கிட்ட."

"அப்புறம் கூப்பிடறேன்" என்று துண்டித்தார் பாடகர்.

"உனக்கு இது அப்பவே தெரியுமா?" என்றார் அக்கா.

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா வலியோட வந்து நின்னுருப்பக்கா."

கடைக்காரர் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் மறுபடி அடித்தது.

"சரிப்பா, போட்டுடலாம். ஆனா என்னன்னு போட? எல்லாருக்கும் அவங்களை லேப் அக்கான்னுதானே தெரியும்."

அக்கா போனை வாங்கினார். "அப்படியே போடுங்க. முன்னாடி 'மற்றும்' மட்டும் வேண்டாம்."