தயாளன் மாமாவின் காட்டில் ஒரு மஞ்சள் பொட்டு

கணக்கு வகுப்பின் நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் அம்மா நின்றிருந்தார். "மாமா ஷிப்டுலயே சாஞ்சிட்டாரு. வா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் களைப்புத் தீரவில்லை.

தயாளன் மாமா அம்மாவின் அண்ணன். ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ வண்டிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தவர். "வண்டி யார் கண்ணுலயும் படக் கூடாது, அதான் என் வேலை" என்பார். நாங்களும் அவரோடு இருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் குளித்துவிட்டு, ஒட்டுப்பலகையில் காடு வரைவார். பட்டாபிராம் ரயிலிலிருந்து பார்த்த தைலமரத் தோப்பு அது. கிட்டே போனால் பச்சையும் நீலமும் காவியுமாகத் தீற்றல்கள்தான். நான்கடி தள்ளி நின்றால் வெயில் அசையும்.

அவருடன் வேலை செய்த ஏழுமலை மாமா கிண்டல் செய்வார். "இன்னா தயாளா, எலையே இல்லாத காடா? இன்ஸ்பெக்சன்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"ரயில்ல போய்க்கினே பாரு மாமே. எந்த எலை தனியாத் தெரியுது?"

போன வருடம் தயாளன் மாமா வேலைக்குப் போயிருந்தபோது, படத்தின் இருண்ட மூலையில் இருந்த மரத்தின் மேல் விரலால் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தேன். அங்கே மட்டும் வெயிலே இல்லை என்று தோன்றியது. படத்தை யாரும் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

மறுநாள், "யார்மா தொட்டது?" என்று கேட்டார்.

"பெயிண்ட் துடைக்கிற துணி பட்டிருக்கும் மாமா."

பலகையை வெகுநேரம் பார்த்தார். "துணிக்கு நல்ல கண்ணு" என்றார். பிறகு கேட்கவேயில்லை.

நாளை அவருடைய பதினாறாம் நாள். அவர் வரைந்த காட்டைப் படையலுக்கு முன்னால் வைக்கப் போகிறார்கள். மாலையில் வந்த ஏழுமலை மாமா, தொழிற்சாலையில் குறை கண்ட இடத்தில் போடுவதுபோல, என் பொட்டைச் சுற்றி சாக்பீஸில் வட்டம் போட்டார். "இங்க பெயிண்ட் தெறிச்சிகீது தங்கச்சி. காலைல வந்து பச்சை வெச்சிட்றேன்." அம்மா தலையாட்டினார். அது என் பொட்டு என்றால், மாமாவிடம் சொன்ன பொய்யும் வெளியே வரும்.

அம்மா தூங்கியதும் வட்டத்தைத் துடைக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். நான் மஞ்சள் வைத்த மரத்தடியில், தரையில் ஊதாவாக ஒரு நிழல். முன்பு அது இல்லை. என் வெயிலுக்கு மாமா நிழல் போட்டிருக்கிறார்.

வட்டத்தைத் துடைக்கவில்லை. இதை எழுதிப் படத்தின் சட்டத்தில் செருகுகிறேன். ஏழுமலை மாமா, டப்பாவைத் திறக்கும்முன் படியுங்கள். அந்த இடத்தில் குறை இல்லை. அம்மா, அடிப்பதானால் காரியம் முடிந்ததும் அடியுங்கள்.

போய் வாருங்கள் மாமா. துணி படவில்லை. நான்தான்.