பாதையில் பேசிய பிரெஞ்சு

போன மாதம் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது, பக்கத்திலிருந்த பிள்ளை காதில் எதையோ செருகிக்கொண்டு தனக்குள் ஜப்பானிய மொழி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழக மாணவியாம். யார் படிப்பிக்கிறார்கள் என்று கேட்டேன். தானேதான் படிப்பதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய ஞாபகமும் வந்தது.

எழுபதுகளில் நானும் கிண்ணியா நசீரும் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர்மார். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து, பிரெஞ்சையும் ஒரு பாடமாக எடுத்திருந்தோம். விரிவுரை கிடையாது. புத்தகப் பட்டியலும் பழைய வினாத்தாள்களும் தபாலில் வரும், மற்றதெல்லாம் எங்கள் பாடு. அதுவே பெரிய பெருமையாகிவிட்டது. ஒருவரிடமும் போய்ப் படிப்பதில்லை என்று சத்தியமே செய்துகொண்டோம்.

அப்போது பாலமில்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். பாதை கரையை விட்டால் மறுகரை தட்டும்வரை தமிழ் பேசக்கூடாது என்பது நசீரின் சட்டம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிய, அக்கரையில் வீடுள்ள அவனோடு நானும் போய், வேலைவெட்டியில்லாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவேன். மீன்காரர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பெரிய கிளாக்கரைப் பற்றிய வம்பெல்லாம் பிரெஞ்சில்தான்.

வாய்மொழிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்க, ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்தது. நசீர் அன்று லீவு. நான் கப்பல் சமையல்காரனிடம் போய்க் கதைத்தேன். பாவம், இரண்டு தரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டான். குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான். உச்சரிப்பு முழுவதும் எங்கள் சொந்தத் தயாரிப்பு, திருத்த ஆளில்லை.

மாமாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லிவிட்டுக் கொழும்பில் மூன்று கிழமை ஓர் ஆசிரியரிடம் ரியூசன் எடுத்தேன். சத்தியத்தை முறித்த வெட்கத்தில் நசீரிடம் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து, பாதையில் அவனோடு பழைய பிழைப் பிரெஞ்சையே பேசினேன். அதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

நான் பாஸ். அவன் பெயில். பட்டம் கிடைக்காவிட்டால் வயலுக்கு வந்துவிட வேண்டும் என்று அவன் வாப்பா முன்பே சொல்லியிருந்தார். அவன் கந்தோரை விட்டுப் போகிற அன்று, பாதையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ போய்ப் படிச்சது பிழையில்ல மச்சான். வந்து எனக்கும் சொல்லித் தந்திருக்கலாம்தானே."

சட்டத்தை மீறித் தமிழில் அவன் சொன்னது அது ஒன்றுதான். அடுத்த வசனம் மறுபடி எங்கள் பிரெஞ்சில் வந்தது. அதன்பிறகு கல்யாண வீட்டில் கண்டாலும் சந்தையில் கண்டாலும் அதில்தான் கதைப்போம்.

நசீர் மௌத்தாகி இரண்டு வருடம். சரியான பிரெஞ்சுக்குப் பாரிஸ் முழுக்க ஆளிருக்கிறது. எங்களுடையதை விளங்கிக்கொள்ள இனி ஒருத்தருமில்லை.