கண்ணாடிக்கு வைத்த பெயர்

தங்கேஸ்வரி அம்மா தன் கணவரின் பெயரை ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அவர் இருந்த காலத்தில் "இஞ்சாருங்கோ" என்றால் போதும், திரும்பிப் பார்த்துவிடுவார். மற்றவர்களிடம் பேசும்போது "கிரியின்ர அப்பா". கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால், நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு அம்மா மகனைப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டிவிடுவார். கணவர் இறந்து வருடங்கள் ஓடியும் பழக்கம் போகவில்லை. பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்திருந்தார்கள். குறைய இனி ஆயுள் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன, நாக்கு கேட்க வேண்டுமே.

இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, மகன் அந்தக் கண்ணாடியைக் கொண்டுவரும்வரை.

அந்தக் கணவர், இராசரத்தினம், லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் தோட்டத்து எல்லையிலேயே ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். அப்போது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இப்போது மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்து வரிசை வீடுகளில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பழக்குலை ஏற்றிய லோரி போகும்போது மட்டும் மனிதச் சத்தம் கேட்கும். காலையில் வந்து கூட்டித் துடைத்துவிட்டு மதியம் போகிற வேலைக்காரப் பெண் பஞ்சாலைதான் துணை.

ஒரு முறை அம்மா தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தார். நல்ல வேளை, பஞ்சாலை அடுப்படியில் நின்றாள். செய்தி கேட்டுப் பாரோயில் இருந்த தன் வீட்டிலிருந்து ஓடிவந்த மகன் கிரிதரன், "எங்கட வீட்டுக்கு வந்திடுங்கோ அம்மா" என்று தலைகீழாக நின்று பார்த்தான். அம்மா அசையவில்லை. கைப்பேசியையாவது இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அது எப்போதும் அடுப்படி மேசையில்தான் கிடந்தது.

"அப்ப நான் ஒண்டு செய்து தாறன். அது வேலை செய்தா நீங்க இங்கயே இருங்கோ. செய்யேல்லையெண்டா மூட்டையைக் கட்டுங்கோ" என்றான்.

அவன் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். கைச்சுறுசுறுப்புக்காரன். பழைய கணினித் திரைக்கு மேல் ஒருபக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடியைப் பொருத்தி, பின்னால் தீப்பெட்டி அளவு கணினியும் மைக்கும் வைத்து, மரச்சட்டம் அடித்துக் கொண்டுவந்தான். பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஓரத்தில் நேரமும் லிங்கியின் வானிலையும் வெள்ளை எழுத்தில் ஓடும். அதன் பெயரைச் சொன்னால் விழித்து, "சொல்லுங்கள்" என்று கேட்டு, உடனே கிரிதரனைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுக்கும். கூடத்துச் சுவரில் மாட்டினான்.

"பேர் என்ன தெரியுமோ அம்மா? அப்பாட பேர்தான். நீளமான பேர், தவறி வேற ஆரும் சொல்லமாட்டினம்" என்றான். பிறகு கண்ணாடியைப் பார்த்து, "இராசரத்தினம்" என்றான். அது பளிச்சென்று விழித்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு, எந்தத் தாய் வேறு பெயர் வை என்று சொல்வாள்? அம்மா சொல்லவில்லை. "இப்ப நீங்க ஒருக்கா கூப்பிடுங்கோ" என்றதற்கு, "அடுப்பில குழம்பு கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டார்.

கிரிதரன் மதியம்தோறும் அழைப்பான். "இண்டைக்குக் கண்ணாடியைக் கூப்பிட்டனீங்களோ?"

"கூப்பிட்டனான் தம்பி. அது முழிக்கேல்லை."

பாரோய்க்குப் போகாமல் இருக்க வேண்டும், பெயரையும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அம்மாவுக்கு வாய்த்தது இந்தப் பொய்தான். அது கிரிதரனை விடுமுறைக்கு விடுமுறை லிங்கிக்கு இழுத்தது. மைக்கை மாற்றினான். சுவர் எதிரொலிக்கிறது என்று சொல்லித் திரைச்சீலை தொங்கவிட்டான். அவன் கூப்பிட்டால் விழித்தது, பஞ்சாலை கூப்பிட்டாலும் விழித்தது. அம்மாவின் குரல்தான் மெலிந்துவிட்டது என்று முடிவுகட்டி, லேசான சத்தத்தையும் பிடிக்கும்படி கண்ணாடியின் காதைத் தீட்டி வைத்தான்.

அதன் பிறகு கண்ணாடி தானாக விழிக்க ஆரம்பித்தது. லோரி ஹாரன் அடித்தால், மழை தகரத்தில் விழுந்தால், ஆளில்லாத கூடத்தில் வெளிச்சம் வரும். "சொல்லுங்கள்" என்று ஒரு குரல் கேட்கும். ஒரு பகல் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது யாரும் கூப்பிடாமலே அது கேட்டது. பஞ்சாலை விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கே போய்விட்டாள்.

"செத்தவங்க பேர இப்டி கண்ணாடிக்கு வைக்கலாமாம்மா? வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க லா."

"நீ வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்றார் அம்மா. பயந்தது தெரியக்கூடாது என்றுதான் அந்தக் கடுப்பு.

வேலை நேரத்தில் வீண் அழைப்பு வந்து சலித்துப்போன கிரிதரன், கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை அம்மாவின் கையில் கொடுத்தான்.

"இதில அப்பாட பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லி வையுங்கோ. கண்ணாடி உங்கட குரலைப் படிச்சிடும். பிறகு அது உங்களுக்கு மட்டும்தான் முழிக்கும். நான் கூப்பிட்டாலும் முழிக்காது."

கருவி சாமி அறையில் கிடந்தது. அம்மா அதை எடுப்பார், வைப்பார். ஒரு முறை பொத்தானை அமுக்கி, வாய் திறந்து, "இ" என்று தொடங்கி இருமி விட்டுவிட்டார். கிரிதரன் வந்து வாங்கிப் போவதற்கு முன்னால் பஞ்சாலையைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லு."

"பேருல என்னாம்மா இருக்கு? எம்புருசன நான் பேரு சொல்லித்தான் ஏசுவேன். கேட்டுக்கிட்டுப் போயிருவாரு" என்று சிரித்தாள் பஞ்சாலை. பிறகு கருவியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, லயத்தில் பிள்ளையை அதட்டுகிற அதே குரலில், "ராசரத்தினம், ராசரத்தினம்" என்று சொல்லி முடித்தாள். தன் கணவரின் பெயர் அந்த வாயில் உருளுவதைக் கேட்க அம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய கிராணியை நிமிர்ந்து பார்க்காத குடும்பத்துப் பெண். ஆனாலும் நிம்மதியும் வந்தது.

கிரிதரன் அந்தப் பதிவை ஒரு முறை காதில் வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முதல் சொல்லிலேயே பிடிபட்டிருக்கும். படித்த பிள்ளை, வேலை முடிந்தால் சரி என்று அப்படியே இயந்திரத்துக்கு ஊட்டினான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், "இப்ப கூப்பிட்டுப் பாருங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்தான். அம்மா பஞ்சாலைக்குக் கண் காட்டினார். அவள் கூப்பிட்டாள். கண்ணாடி விழித்தது. பாரோயில் கிரிதரனின் கைப்பேசி மணி அடித்தது.

"பாத்தீங்களோ, உங்கட குரலில ஒரு குறையும் இல்லை. மெஷினுக்குத்தான் படிப்பிக்க வேண்டியிருந்தது" என்றான் கிரிதரன். அவ்வளவு சந்தோஷம் அவன் குரலில். அம்மாவும் சிரித்தார். தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அதோடு மதிய அழைப்பு நின்றது. கண்ணாடிதான் இருக்கிறதே, எதற்குத் தினமும் தொந்தரவு என்று நினைத்தான். அது மற்ற எந்தச் சத்தத்துக்கும் விழிக்கவில்லை. கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மதியம் பஞ்சாலை சுவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். "திங்கக்கெழம வந்துருவேம்மா" என்றாள்.

ஞாயிறு பிற்பகல் வானம் இருட்டியது. கொடித் துணியை அவசரமாக அள்ளிக்கொண்டு வந்த அம்மா, கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஈரக் காலோடு வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. எழ முயன்றார். வலியில் கண் இருண்டது.

"பஞ்சாலை" என்று கூப்பிட்டார். அவள் சுவாவில் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடுப்படி மேசை எட்டாத தூரம். தலையைத் திருப்பினால் கண்ணாடி. அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, லிங்கியில் மழை என்று இருந்தது. கீழே கிடக்கும் அவர் அதில் தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றார் முதலில். பிறகு, "கிரியின்ர அப்பா". அதற்கு மேல் கொஞ்ச நேரம் அழுதார். மழை தகரத்தில் கொட்டியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, "இராசரத்தினம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். கண்ணாடி அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அது படித்து வைத்திருப்பது பஞ்சாலையின் குரலை. இந்த வீட்டு அம்மா யார் என்று அதைக் கேட்டால், அது பஞ்சாலையைத்தான் காட்டும்.

வெட்கத்தைப் பார்க்க நேரமில்லை. லயத்துப் பேச்சு தன் நாக்கில் ஒட்டக் கூடாது என்று ஆயுள் முழுக்கக் காத்த கிராணியின் மனைவி, தொண்டையைத் தடிப்பாக்கி, பஞ்சாலை அதட்டுவதுபோலவே அதட்டிப் பார்த்தார். "ராசரத்தினம். ராசரத்தினம்." குரல் பாதியில் உடைந்து உடைந்து போயிற்று.

பாரோயில் கிரிதரன் மாலைத் தேநீரோடு கைப்பேசியைப் பார்த்தான். கண்ணாடியிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. "அம்மா நல்லாத்தான் இருக்கிறா" என்று மனைவி சிந்துஜாவிடம் சொன்னான்.

திங்கள் காலை பஞ்சாலை தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். கூடத்தில் சிதறிக் கிடந்த துணிகளுக்கு நடுவே அம்மாவைப் பார்த்தாள். குனிந்து தொட்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றவள், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்து, "ராசரத்தினம்" என்றாள்.

அது உடனே விழித்தது. மணி அடித்தது. மறுமுனையில் கிரிதரன், "சொல்லுங்கோ அம்மா" என்றான்.