நல்லதை மறைத்த ஸ்டிக்கர்

போன வாரம் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு பாமாயிலுக்கு ஆதரவாக லெக்சர் அடித்தேன். நானா? ஆமாம்... பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி 'பாமாயில்' என்று பார்த்ததுமே, 'காட்டை வெட்டி எடுக்கிற எண்ணெய்' என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற அதே நான்தான். என்னோடு சூப்பர் மார்க்கெட் வருவதையே வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளகோவிலில் என் நண்பன் சென்னியப்பனின் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு கிரீம் கேக் பாக்கெட்டும் இருக்க வேண்டும் என்பது பொண்ணின் ஆசை. கேக் செய்பவர் போத்தனூரில் சின்ன யூனிட் நடத்தும் ஆயிஷா. "வர்ற வழியில அதை வாங்கிட்டு வந்துரு மாப்ள" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

ஆயிஷாவின் பாக்கெட்டில் ஒரு விசேஷம். மற்றவர்கள் பின்பக்கம் எறும்பு சைஸில் ஒளித்து வைக்கிற சங்கதியை இவர் முன்பக்கமே பெரிதாகப் போட்டிருந்தார் – 'காட்டை அழிக்காமல் விளைந்த பாமாயிலில் செய்தது.' பொண்ணு ஆர்டர் கொடுத்ததே அந்த வரிக்காகத்தான்.

முந்தின நாள் காலை போய் நின்றால்... எண்ணூறு பாக்கெட்டும் தயார். ஆனால் ஆயிஷாவும் வேலை செய்கிற பெண்களும் உட்கார்ந்து அந்த வரியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"எண்ணெய் மாறிப்போச்சுங்கண்ணா. காட்டை அழிக்கலைன்னு சர்டிபிகேட் வாங்கின எண்ணெய் சப்ளையர்கிட்ட ஸ்டாக் இல்லையாம். சொல்லாமக்கொள்ளாம சாதாரணத்த அனுப்பிப்போட்டாரு. பாக்கெட் போட்ட பொறவு பில்லப் பாத்தாத்தான் தெரியுது."

"ருசி மாறுமா?"

"மாறாதுங்க. ரெண்டும் ஒரே எண்ணெய்தான். ஆனா இது எந்தக் காட்டை வெட்டிப்போட்டு வந்துச்சோ... தெரியாதத எப்படிங்க எழுதறது?"

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "பேசாம பாமாயிலையே விட்டுடலாமே" என்றேன்.

"அதே அளவு எண்ணெய வேற பயிர்ல எடுக்க இன்னும் நெறைய நிலம் வேணுமுங்க. அதுக்கும் காட்டைத்தானுங்க வெட்டோணும்?"

இத்தனை வருஷம் கடைக்காரர்களிடம் கத்தியதற்கு எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் வருவதற்கு முன்பே ஆயிஷா பொண்ணிடம் போனில் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார். அப்பன்காரனுக்கு நான் போன் போட்டேன். "அட, அதையெல்லாம் எவன் படிக்கறான்? அப்படியே அனுப்பச் சொல்லு!" – ஸ்பீக்கரில் கத்தினான்.

"படிக்காதவங்ககிட்டயும் பொய் சொல்லக் கூடாதுங்களே" என்றார் ஆயிஷா. கை மட்டும் நிற்கவில்லை.

வெள்ளகோவில் பக்கம் அவருக்கு இதுதான் முதல் ஆர்டர். இதை வைத்து அந்தப் பக்கம் நாலு கடை பிடித்துவிட வேண்டும் என்று கனவு கண்டவர். அந்த ஆர்டரில்தான் தன் பெருமையைத் தானே மூடிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு நூறு ஒட்டினேன்.

எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஒன்று எட்டவில்லை. தின்பண்டத்தின் மேல் வெற்று ஸ்டிக்கர் இருந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"எக்ஸ்பயரி தேதிய மறைச்சிருக்காங்களாட்ட இருக்குது!"

மறுநாள் மண்டப வாசலில் ஒருத்தர் ஆரம்பித்தார். அவ்வளவுதான்... ஆளாளுக்கு நகத்தால் சுரண்டுகிறார்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுருங்கியது. சென்னியப்பன் என்னை எரிப்பதுபோல் பார்த்தான். ஐயோ, அந்தம்மா பேர் கெட்டுப்போச்சே!

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் முழுசாக உரித்து, சத்தமாகவே படித்தார். திருப்பித் தேதியைப் பார்த்தார். "தேதி சரியாத்தான் இருக்குது. இங்கயும் நல்லதத்தான எழுதியிருக்குது? இதை எதுக்குங்க மறைச்சாங்க?"

"இந்தத் தடவை அது உண்மை இல்லீங்க... அதான்" என்றேன்.

சுரண்டல் நின்றது. அப்போது அடித்ததுதான் அந்த லெக்சர்.

அவர் காங்கேயம் ரோட்டில் பேக்கரி வைத்திருப்பவராம். முழுசாகக் கேட்டுவிட்டு, நம்பர் வாங்கி அங்கேயே ஸ்பீக்கரில் ஆயிஷாவுக்கு போன் அடித்தார். "நாளைக்கே சரக்கு அனுப்பறீங்களா அம்மணி?"

"அந்த எண்ணெய் இன்னும் வரலீங்கண்ணா. வந்த பொறவு தாரேனுங்க."

கனவு கண்ட கடை, தானே தேடி வந்து கேட்கிறது. நானாக இருந்தால் 'இன்னைக்கே' என்றிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"வரட்டுங்க. அது வர்ற வரைக்கும் நானும் வேற யார்கிட்டயும் எடுக்கல" என்றார் பேக்கரிக்காரர்.

இதைக் கேட்ட சென்னியப்பன் சம்பந்தி பக்கம் திரும்பினான். "நாந்தானுங்க ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன்!"

இப்போதெல்லாம் கடையில் எந்தப் பாக்கெட்டில் ஸ்டிக்கரைக் கண்டாலும் என் நகம் தானாகப் போகிறது. ஏழெட்டு உரித்துப் பார்த்துவிட்டேன்... அடியில் இதுவரை நல்லது எதுவும் சிக்கவில்லை!