மீன்கொத்தி விமானமும் சொல்தா வீட்டு தொமினிக்கும்

சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரர் வீட்டில், பிறந்தவன் பயப்படுவானா என்று கேட்கிறவர்கள் தொமினிக்கைப் பார்த்ததில்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் எழுத்தர் வேலை பார்த்து மெடலோடு திரும்பியவர். மகனுக்கோ பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடும். வயசு ஐம்பத்தாறு. அரியாங்குப்பத்தில் வீடு, டவுனில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டுப் பிளான் வரைகிற வேலை. ரோட்டில் போலீஸ்காரர் நின்றால் ஹெல்மெட் போட்டிருந்தும் இவர் வண்டியைத் திருப்பிச் சந்துக்குள் புகுந்துவிடுவார். "இவரு தலையில எதுக்கு ஹெல்மெட்? பயம் பூரா வயித்துலதான், அதுக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்" என்பாள் மனைவி மரி-க்ளேர்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். விண்வெளியில் சண்டை போடுகிற விமானம் ஒன்றைத் தானே கற்பனை செய்து, பதினோரு வருஷமாக ஒரு கெட்டி அட்டை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். பெயர் மீன்கொத்தி. பிரெஞ்சு ஏ, பி, சி வரிசையில் அதில் வகை வகையாக உண்டு. 'ஆ' ஒருத்தர் மட்டும் ஓட்டுவது, மூக்கில் இரண்டு பீரங்கி. 'பே' பயிற்சிக்கு, முன்னால் பழகுகிறவர், பின்னால் சொல்லிக்கொடுக்கிறவர். 'சே' முழுக்கக் கறுப்பு, வயிற்றில் எட்டு ஏவுகணை, நிலாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்து பாயும். இப்போது நாலாவது வகை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் பிரெஞ்சில், பட்டாளக் கையேடு மாதிரியே பத்தி பத்தியாக. அதோடு விட்டாரா? அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'இராணுவ இரகசியம்' என்று குத்தி வைத்திருந்தார். விமானத் தளம் எங்கே? புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தெற்கே என்று மேப்போடு எழுதியிருந்தார். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்!

மகள் க்ளெமான்ஸுக்குப் பத்தொன்பது வயசு, தாத்தாவின் துணிச்சல், அவர் வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு கான்சுலேட்டில் நேர்காணல், அதற்கென்றே பிரான்சிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். குடும்பத்தைப் பற்றியும் விசாரிப்பார்கள், சின்னக் கறை இருந்தாலும் கோப்பை மூடிவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

காலையில் பெரிய மார்க்கெட் பக்கத்தில் பார்வதியின் ஜெராக்ஸ் கடையில் மகளின் சான்றிதழ்களை எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தார் தொமினிக். பத்தரைக்கு க்ளெமான்ஸ் கான்சுலேட்டுக்குள் போனாள். இவர் பீச் சுவரில் உட்கார்ந்து, மனசு நிலைகொள்ளாமல், நாலு கோடு வரையலாம் என்று பைக்குள் கைவிட்டார். நோட்டு இல்லை.

சான்றிதழ்களை எடுக்கும்போது நோட்டைக் கடை மேசையில் வைத்தது ஞாபகம் வந்தது. செருப்பு கழன்று போவது தெரியாமல் ஓடினார்.

"அந்த நோட்டா சார்? உங்களுதா அது? பயப்படாதீங்க, பத்திரமா குடுத்துட்டேன்" என்றாள் பார்வதி.

"யாருகிட்டம்மா?"

"கான்சுலேட்லதான். பூரா பிரெஞ்சு, மேல செவப்பு சீலு வேற. யாரு பென்ஷன் போவுதோன்னு நானே வண்டி எடுத்துக்கினு போயி வாட்ச்மேன் கலியபெருமாள் கையில குடுத்தேன்."

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் கடைக்கு வருகிற பிரெஞ்சுக் காகிதம் எல்லாம் ஒன்று பென்ஷனுக்கு, இல்லையென்றால் பாஸ்போர்ட்டுக்கு. இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். நல்லது செய்வதாக நினைத்து என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாளே என்று தொமினிக் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சில் எழுதிய ராணுவ இரகசியம், அதில் புதுச்சேரி மேப்பு! உளவாளி என்பார்கள். இவரைப் பிடித்துப் போனால்கூடப் பரவாயில்லை, க்ளெமான்ஸின் கோப்பு என்ன ஆகும்?

கான்சுலேட் வாசலில் கலியபெருமாள் குரலைத் தாழ்த்தினார். "முசியே, ஒரு நோட்டு வந்துது. அந்த ஆபிசர் அம்மா மேசைக்கே போயிட்டுது. எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறாங்க. யாரு எழுதுனாங்கன்னு தெரியல."

நோட்டில் பெயர் இல்லை. அப்படியே திரும்பி அரியாங்குப்பம் பஸ் ஏறிவிடலாம். கால்கூட ஒரு அடி பின்னால் போனது. ஆனால் உள்ளே இருக்கிற மகளுக்கு அப்பா கையெழுத்து தெரியும், பொய் சொல்ல மட்டும் தெரியாது. மாதா பேரைச் சொல்லிக்கொண்டு தொமினிக் உள்ளே நுழைந்தார்.

நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள் மேசைக்குப் பின்னால் இருந்தார். நோட்டு திறந்து கிடந்தது. க்ளெமான்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் தொமினிக் பிரெஞ்சில் கத்தியேவிட்டார்.

"என்னுடையது, மதாம்! அவள் இதைத் தொட்டதுகூட இல்லை. என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவளை விட்டுவிடுங்கள்."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நிலாவுக்குப் பின்னால் பதுங்குகிற விமானம் எங்களிடம் இல்லை, முசியே. அதனால் இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. உட்காருங்கள். அந்த ஸ்டாம்பை மட்டும் இன்றைக்கே உடைத்துப் போடுங்கள்."

தொமினிக் நாற்காலியில் விழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். "நாலாவது வகையில் துப்பாக்கியே காணோமே?"

"இல்லை, மதாம்."

"சண்டை விமானத்தில் துப்பாக்கி இல்லாமல் எப்படி?"

"ஓட்டுகிறவர் அடிபட்டு மயங்கினால் அது தானே திரும்பிவிடும், மதாம். யார் உத்தரவுக்கும் நிற்காது. வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கும். அது ஒன்றுதான் அதன் வேலை."

க்ளெமான்ஸ் எட்டி நோட்டைப் பார்த்தாள். பக்கத்தின் மேலே தேதி இருந்தது. அவள் விண்ணப்பம் போட்டதற்கு மறுநாள். பிறகு அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் கோப்பில் தடை ஒன்றும் இல்லை. இங்கே கையெழுத்துப் போடலாம்."

அவள் பேனாவை எடுத்தாள், போடவில்லை. தமிழில் கேட்டாள்.

"பப்பா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கோவமில்லாம எழுந்து உங்ககூட வந்துடுறேன்."

ஐயோ, காலையிலிருந்து பட்டதெல்லாம் ஒரு பயமா! கோப்பு கெட்டுவிடக் கூடாதென்று அத்தனை ஓட்டம் ஓடியவருக்கு இப்போதுதான் நிஜமான பயம் வந்தது. ஒரே வார்த்தை. சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் வீட்டில் இருப்பார்கள். நாளைக்கும், அடுத்த வருஷமும். அந்த வார்த்தை பல்லு வரைக்கும் வந்துவிட்டது. மகள் கண்ணைப் பார்த்தார். அவள் நிஜமாகவே எழுந்து வந்துவிடுவாள்.

"பயமா இருக்குதும்மா" என்றார். "ராத்திரி தூக்கமே இல்ல, அவ்ளோ பயமா இருக்குது. அது என் பயம். நீ கையெழுத்துப் போடு."

அவள் போட்டு முடிக்கிற வரை தொமினிக் கண்ணைத் திறக்கவில்லை.