'மேஸ்திரி கையில்'

திண்டிவனத்தில் வீட்டு வரைபடங்களைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துத் தரும் கடை அது. அதை நடத்தும் பெண்மணிக்குக் கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, தலையில் இன்னொன்று. ஒலக்கூரில் நான் கட்டும் வீட்டின் வரைபடங்கள் இருந்த என் பென்டிரைவைத் திறந்ததும் ஃபைல் பெயர்களை உரக்கப் படித்தார். "ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் லாஸ்ட்... ஒலக்கூர்ல மேஸ்திரி எதை வச்சிக்கினு வேலை செய்றாரு சார்?"

எனக்கே தெரியவில்லை. அன்றுதான் அங்கே பில்லர்களுக்குக் கான்கிரீட் போடும் நாள்.

"ஜல்தியா போன் போடுங்க. தாள் மூலையில இன்னா தேதி இருக்குதுன்னு கேளுங்க."

மேஸ்திரி படித்த தேதி, மாடிப்படியை வடக்கே மாற்றியதற்கு முந்தையது. "நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கலவை மிஷின் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு சட்டிகூடக் கொட்டவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் கடைக்காரப் பெண்மணி என் பென்டிரைவில் இரண்டு ஃபோல்டர் போட்டிருந்தார்: 'மேஸ்திரி கையில்', 'பழசு'.

"முதல்ல இருக்கறதுல ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கணும். புதுசு குடுத்தா, மேஸ்திரி கையில இருக்கற பழைய தாளை வாங்கிக் கிழிச்சிட்டு அப்புறம் இதுல ஃபைலை மாத்துங்க."

அவருடைய திரையின் ஓரத்தில் 'நம்ம வீடு' என்றொரு ஃபோல்டரும் இருந்தது. கேட்டதும் திறந்து காட்டினார். உள்ளே அதே இரண்டு ஃபோல்டர்கள். 'பழசு' நிறைய வரைபடங்கள். 'மேஸ்திரி கையில்' காலி.

"வரைஞ்சிக்கினே இருக்கறேன் சார்" என்று சிரித்தார்.

பிறகு அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும். போன வாரம் நான் கேட்பதற்கு முன்பே அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

'மேஸ்திரி கையில்' ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது.